மேசைமேல் இருப்பது – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஊர் வாசகசாலைக்காக ஆங்கில, மலையாளச் செய்திகளைத் தமிழாக்கித் தருகிறேன். 'ஆன் த டேபிள்' என்ற தொடர் வரும் இடமெல்லாம் தடுமாறுகிறேன். தணிக்கை அறிக்கையை 'நியமசபையுடெ (சட்டமன்றத்தின்) மேசப்புறத்து வெச்சு' என்று மலையாளப் பத்திரிகை எழுதுகிறது. அதையே தமிழில் 'மேசைப்புறத்து வைத்தார்' என்று எழுதினால் எங்கள் ஊர்க் காதுக்கு உறுத்தவில்லை. ஆனால் தமிழ்நாட்டு நண்பர்களுக்குப் புரியவில்லை. கம்பெனி அறிவித்த சம்பள உயர்வு 'இன்னும் மேசையில் இருக்கிறது' என்று ஒருமுறை எழுதினேன். படித்தவர்கள் 'யார் மேசையில் தூங்குகிறது?' என்று கேட்டார்கள். 'சாப்பாட்டை மேசைமேல் வைக்க உழைக்கிறார்' என்பதும் ஒட்டவில்லை. இதற்கு ஏதாவது வழிமுறை உண்டா?

– வாசகர், கொழிஞ்சாம்பாறை

அன்புள்ள நண்பருக்கு,

'யார் மேசையில் தூங்குகிறது?' என்று கேட்டவர்கள் மிகச் சரியாகக் கேட்டிருக்கிறார்கள். அங்கிருந்தே தொடங்கலாம்.

தமிழில் ஒரு கோப்பு மேசையில் இருக்கிறது என்றால் அது நகரவில்லை என்று பொருள். தாசில்தார் மேசையில் மனு கிடக்கிறது, இன்ஜினியர் மேசையில் எஸ்டிமேட் தூங்குகிறது என்கிறோம். மேசை நமக்குத் தாமதத்தின் இடம். ஆங்கிலத்தில் ஒரு சலுகை 'ஆன் த டேபிள்' என்றால் அது உயிரோடு இருக்கிறது, எதிர்த்தரப்பு இப்போதும் அதை எடுத்துக்கொள்ளலாம் என்று பொருள். அப்படியே சொல் மாற்றியதால் உங்கள் வாக்கியம் எதிர்ப்பொருளைத் தந்துவிட்டது. 'கம்பெனி சொன்ன உயர்வு இன்னும் அப்படியே நிற்கிறது, தொழிற்சங்கம் ஏற்றுக்கொள்ளலாம்' என்று எழுதியிருந்தால் ஒருவரும் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள்.

இந்தக் குழப்பம் ஆங்கிலத்துக்குள்ளேயே உண்டு. பிரிட்டனில் ஒரு தீர்மானத்தை 'டேபிள்' செய்வது அதை விவாதத்துக்குக் கொண்டுவருவது. அமெரிக்காவில் அதே சொல்லுக்கு ஒத்திவைப்பது என்று பொருள். இரண்டாம் உலகப் போர்க்கால ஆலோசனை ஒன்றில் ஓர் அறிக்கையை உடனே எடுத்துக்கொள்ளலாம் என்ற நினைப்பில் பிரிட்டிஷார் அதை 'டேபிள்' செய்யச் சொன்னார்கள். தள்ளிப்போடச் சொல்கிறார்கள் என்று புரிந்துகொண்டு அமெரிக்கர் எதிர்த்தார்கள். இரு தரப்பும் கேட்பது ஒன்றுதான் என்பது தெரியவருவதற்குள் நீண்ட, காரமான வாக்குவாதம் நடந்துவிட்டது என்று சர்ச்சில் எழுதியிருக்கிறார். ஆகவே செய்தி எந்த நாட்டிலிருந்து வந்தது என்று முதலில் பாருங்கள். இந்திய நாடாளுமன்ற வழக்கு பிரிட்டிஷ் வழக்கு.

இனி சட்டமன்றம். அங்கே மேசை உண்மையாகவே இருக்கிறது. சபாநாயகர் இருக்கைக்கு முன்னால், அவைச் செயலக அதிகாரிகள் அமரும் மேசை அது. ஏடுகளை 'லெய்ட் ஆன் த டேபிள்' என்பது அதைக் குறித்து எழுந்த சொல்தான். இன்று அமைச்சர் எழுந்து அறிவிப்பதே போதும், அறிக்கை அவையின் ஆவணமாகிவிடும். அதாவது நேர்ப்பொருளாகப் பிறந்த தொடர் நடைமுறைச் சொல்லாகிவிட்டது. மலையாளம் மேசையை வைத்துக்கொண்டது. தமிழ் 'பேரவை முன் வைக்கப்பட்டது' என்று மேசையை விட்டுவிட்டது. தமிழ் வழக்கே எனக்கு மேலானதாகப் படுகிறது, காரணமும் உண்டு. மாநிலக் கணக்குகள் பற்றிய தணிக்கை அறிக்கையை ஆளுநர் சட்டமன்றத்தின் முன் வைக்கச் செய்ய வேண்டும் என்றுதான் அரசியலமைப்பின் 151ஆம் பிரிவு சொல்கிறது. அந்த வாசகத்தின் ஆங்கில மூலத்திலும் மேசை இல்லை.

ஒரு எச்சரிக்கை: முன்வைப்பது வேறு, ஏற்பது வேறு. அறிக்கை அவை முன் வந்தது என்றால் உறுப்பினர்கள் கைக்கு வந்தது, பொதுவெளிக்கு வந்தது, அவ்வளவே. அவை அதை விவாதித்ததாகவோ ஒப்புக்கொண்டதாகவோ தலைப்பிட்டால் செய்தியே தவறாகிவிடும்.

'மேசைப்புறத்து' உங்கள் ஊரில் ஏன் உறுத்தவில்லை என்பதும் தெளிவு. மலையாளத்தில் புறம் என்பது முதுகுப் பரப்பையும் மேற்பரப்பையும் குறிக்கும். 'ஆனப்புறத்து' என்றால் யானைமேல். தமிழில் புறம் என்றால் பக்கம், அல்லது வெளி. உடுமலைக்காரர் 'மேசைப்புறத்து' என்று படித்தால் அறிக்கையை மேசைக்குப் பக்கத்தில், தரையில் தேடுவார். எல்லையோரத்தில் எழுதுகிறவர் எதிரே நிற்கும் ஆபத்து இதுதான்: சொல் இரு மொழியிலும் இருக்கும், பொருள் நகர்ந்திருக்கும். கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழில் எழுதவும் தமிழிலேயே பதில் பெறவும் வழி செய்திருக்கிறது. அந்தப் பதில்கள் மலையாளத்தின் நிழலாக இல்லாமல் நல்ல தமிழாக இருக்க வேண்டுமென்றால் உங்களைப் போன்றவர்கள் இந்த அளவுக்கு மெனக்கெடத்தான் வேண்டும்.

நேர்ப்பொருளிலும் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. ஆங்கில 'ஆன்' என்பதன் உயிர் தொடுகை, உயரம் அல்ல. அதனால்தான் பல்லி கூரையில் ஒட்டியிருந்தாலும் அவர்களுக்கு 'ஆன்'. நம் 'மேல்' அப்படியல்ல. சுவரில் காலண்டர், சுவர்மேல் பூனை. இரண்டுக்கும் ஆங்கிலத்தில் 'ஆன் த வால்' போதும். நான்காம் வேற்றுமை சேர்ந்தால் தொடுகையே போய்விடும்: 'மேசைமேல் விளக்கு' மேசையைத் தொட்டு நிற்கிறது, 'மேசைக்கு மேல் விளக்கு' உத்தரத்திலிருந்து தொங்குகிறது. ஒரு 'கு' செய்யும் வேலை அது. 'சாவி மேசையில் இருக்கிறது' என்றால் இழுப்பறைக்குள்ளும் இருக்கலாம். வேண்டிய இடத்தில் 'மேசைமேல்' என்றே எழுதிவிடுங்கள்.

வழிமுறை கேட்டீர்கள். எழுவாயைப் பாருங்கள். அது கையால் தூக்கக்கூடிய பொருளா, யோசனையா? பிறகு வினையைப் பாருங்கள். வைத்தார், இருக்கிறது, எடுத்துவிட்டார், விட்டுவிட்டு வந்தார் என்று வினை மாறும்போது தமிழும் முழுக்க மாறும். யோசனையை வைத்தால் 'முன்வைத்தார்'. அதை 'ஆஃப் த டேபிள்' என்றால் 'அந்தப் பேச்சுக்கே இடமில்லை'. எல்லா வழிகளும் 'ஆன் த டேபிள்' என்று ஒரு நாடு இன்னொன்றைப் பார்த்துச் சொன்னால் அதில் மிரட்டல் இருக்கிறது. 'எந்த வழியையும் விலக்கவில்லை' என்பது அடக்கமான மொழிபெயர்ப்பு. ராணுவத்தைக் குறிப்பது தெளிவாக இருந்தால் 'எதற்கும் தயார்' என்பதே பொருந்தும். சீட்டுகளை மேசைமேல் வைப்பது 'ஒளிவுமறைவில்லாமல் பேசுவது'. பேரத்தில் பணத்தை மேசைமேல் விட்டுவந்தார் என்றால் மறந்து வைத்துவிட்டு வந்ததாக எழுதிவிடாதீர்கள். இன்னும் கேட்டிருந்தால் கிடைத்திருக்கும் தொகையைக் கேட்காமல் விட்டார் என்று பொருள். நோயாளி 'ஆன் த டேபிள்' இறந்தார் என்றால் 'அறுவை சிகிச்சையின்போதே' என்று எழுதுங்கள்.

உங்கள் மூன்றாவது வாக்கியத்துக்கு மேசை வேண்டவே வேண்டாம். நம் வீடுகளில் வறுமையும் வரும்படியும் பேசப்படுவது அடுப்பை வைத்துத்தான். 'வீட்டில் உலை வைக்க உழைக்கிறார்', 'அடுப்பெரிய வேண்டுமே என்று ஓடுகிறார்' என்று எழுதலாம். 'வயிற்றைக் கழுவ' என்பதில் சலிப்பு கூடுதலாக இருக்கிறது. மூலத்தில் பெருமிதம் இருந்தால் அதைத் தவிருங்கள்.

அடுத்து நீங்கள் சந்திக்கப்போவது 'அண்டர் த டேபிள்'. 'மேசைக்கு அடியில்' என்றால் தமிழருக்கு லஞ்சம் என்று உடனே புரியும். அதனாலேயே கவனம் தேவை. கூலியை அப்படிக் கொடுத்தார்கள் என்று வந்தால் அங்கே லஞ்சம் இல்லை. வரிக்கும் பிடித்தங்களுக்கும் தப்ப, கணக்கில் காட்டாமல் ரொக்கமாகக் கொடுத்தார்கள் என்று பொருள். கூலி வாங்கிய தொழிலாளியை லஞ்சம் வாங்கியவராக எழுதிவிடக் கூடாது.

அன்புடன்,
ஆசிரியர்