உளுந்தஞ்சோற்றில் தொடங்கலாம்: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: மகனுக்கு 13 வயது, மகளுக்கு 9. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நூடுல்ஸைத்தான் தேடுகிறார்கள். இந்த லீவில் இருவருக்கும் சமையல் பழக்க நினைக்கிறேன். எதில் தொடங்குவது?
- வாசகி, பாளையங்கோட்டை

பதில்: உளுந்தஞ்சோறு. காய் நறுக்கும் வேலை இல்லை. அரிசியும் பருப்பும் சேர்வதால் புரதமும் கிடைக்கும்.

புழுங்கலரிசி 1 கப், தொலி உளுந்து (தோல் நீக்காமல் உடைத்த கறுப்பு உளுந்து) அரை கப். ஒரே கப்பால், தலை தட்டி அளக்கப் பழக்குங்கள். அரிசி அரை மணி நேரம் ஊறட்டும். உளுந்தை வெறும் வாணலியில் சிறு தீயில் வறுக்க வேண்டும். பிள்ளைகள் அவசரப்பட்டுத் தீயைக் கூட்டுவார்கள். தொலி கறுப்பு என்பதால் கருகுவது தெரியாது. உள்ளே பச்சையாகவே நிற்கும், சோறு கசக்கும். உடைந்த பக்கத்து வெள்ளை லேசாகச் சிவக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

வறுத்த உளுந்தைக் கழுவி, அரிசியோடு பூண்டு 10 பல், வெந்தயம் அரை டீஸ்பூன், சீரகம் 1 டீஸ்பூன், தேங்காய்த் துருவல் அரை கப், உப்பு, தண்ணீர் 4 கப் சேர்த்து 5 விசில். உளுந்து நுரைத்துப் பொங்கி விசில் துவாரத்தை அடைக்கும். அதனால் குக்கரில் பாதிக்கு மேல் போகக் கூடாது. ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய் விட்டால் நுரை அடங்கும். ஆவி தானாக அடங்கும்வரை வெயிட்டில் கை வைக்கக் கூடாது. இதில் மட்டும் செல்லம் கொடுக்காதீர்கள். குக்கர் அடுப்பில் இருக்கும்வரை பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும்.

பூண்டு உரிப்பதும் அளப்பதும் சின்னவளுக்கு, வறுப்பது பெரியவனுக்கு. தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையலையும் அவனே அரைக்கட்டும். எள் படபடவெனப் பொரிந்ததும் தட்டில் கொட்டிவிட வேண்டும். சூடான சட்டியிலேயே கிடந்தால் கருகிவிடும். பூப்பெய்திய பிள்ளைக்கு உளுந்தங்களி கிண்டிக் கொடுக்கிற நம் பக்கத்தில், உளுந்து என்றாலே பெண்பிள்ளைச் சாப்பாடு என்று ஒரு நினைப்பு. வளர்கிற பையனுக்கும் அது வேண்டும்.

கேள்வி: 15 வயது மகள் வைத்த சொதி (தேங்காய்ப்பால் குழம்பு) திரிந்துவிட்டது. ஏன்?
- வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: ஒன்று, முதல் பாலை, அதாவது தேங்காயில் முதலில் பிழிந்த கெட்டிப் பாலைக் கொதிக்க விட்டிருப்பாள், இல்லாவிட்டால் அடுப்பில் இருக்கும்போதே எலுமிச்சை பிழிந்திருப்பாள். காய்களை மூன்றாம், இரண்டாம் பாலில் வேகவைத்து, வெந்த சிறுபருப்பைச் சேர்த்துக் கொதித்ததும் தீயைத் தணித்து முதல் பாலை ஊற்ற வேண்டும். ஓரத்தில் நுரை கட்டியதும் இறக்கிவிடலாம். எலுமிச்சைச் சாறு, சூடு சற்று ஆறிய பிறகுதான். திரிந்த சொதியைக் கொட்ட வேண்டாம்; பார்க்கத்தான் நன்றாயிராது, சாப்பிடலாம்.