கேமரா இல்லாத கணினியில் கியூஆர் குறியீடு

கேள்வி: சமூக மன்ற நிகழ்ச்சிக்கான அழைப்பு மின்னஞ்சலில் படமாக வந்தது. பதிவு செய்ய கியூஆர் குறியீடு மட்டுமே இருக்கிறது. என் மேசைக்கணினியில் கேமரா இல்லை. எப்படித் திறப்பது? – வாசகி, ஈசூன்

பதில்: கேமராவே தேவையில்லை. குறியீடு ஏற்கெனவே திரையில் இருக்கிறதே! குரோம் உலாவியில் மின்னஞ்சலைத் திறந்து, படத்தின்மேல் வலது பொத்தானைச் சொடுக்கி 'கூகல் லென்ஸ்' தேடலைத் தேர்ந்தெடுங்கள். குறியீட்டைச் சுற்றிக் கட்டம் இழுத்தால் இணைப்பு எழுத்தாக வரும்.

வரவில்லையென்றால் பெரும்பாலும் கட்டத்தை ஒட்ட இழுத்ததுதான் காரணம். குறியீட்டைச் சுற்றி அதன் சிறு சதுரங்களில் 4 அளவுக்கு வெள்ளை ஓரம் இருக்க வேண்டும், அதை வெட்டிவிடாதீர்கள். படம் மங்கலாக இருந்தால் சிறுபடத்தை விட்டு மூலப்படத்தைத் திறந்து 200 விழுக்காடு பெரிதாக்குங்கள். தாளில் இருந்தால் ஸ்கேனரில் 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளிகள் என்ற துல்லிய அளவு) போதும்.

இணைப்பைச் சொடுக்கும் முன் முகவரியைப் படியுங்கள். கைப்பேசியில் அவசரத்தில் தட்டிவிடுவோம். கணினியில் நிதானமாகப் பார்க்கலாம், அது ஒரு வசதி. சந்தேகமிருந்தால் 1799 என்ற ஸ்கேம்ஷீல்டு (சிங்கப்பூரின் மோசடித் தடுப்பு உதவி) எண்ணை அழையுங்கள்.

'000201' என்று தொடங்கும் நீண்ட வரி வந்தால் அது இணைப்பல்ல, பேநவ் (சிங்கப்பூரின் உடனடிப் பணப் பரிமாற்றச் சேவை) போன்ற கட்டணக் குறியீடு. வங்கி அல்லது கட்டணச் செயலியில்தான் வேலை செய்யும். சிங்பாஸ் (சிங்கப்பூரின் மின்னிலக்க அடையாளச் சேவை), வாட்ஸ்அப் உள்நுழைவுக் குறியீடுகளை இப்படிப் படிக்க முயலாதீர்கள். ஏனெனில் லென்ஸ் படத்தைக் கூகலுக்கு அனுப்புகிறது.