கை எலும்பு முறிவு: எவ்வளவு நாள் யோசிக்கலாம்?

அன்புள்ள டாக்டர்,

எனக்கு வயது 43. திண்டுக்கல்லில் தையல் கடை வைத்திருக்கிறேன். போன வாரம் ஸ்கூட்டரில் இருந்து விழுந்ததில் வலது கையில் தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே எலும்பு முறிந்துவிட்டது. தோல் கிழியவில்லை. விரல்கள் அசைகின்றன, மணிக்கட்டையும் தூக்க முடிகிறது. முதலில் பார்த்த டாக்டர் உடனே பிளேட் வைக்க வேண்டும், தள்ளிப்போட்டால் சிக்கல் என்றார். இன்னொரு டாக்டர், மேற்கையைச் சுற்றிக் கட்டும் பிரேஸ் என்ற உறையைப் போட்டாலே கூடிவிடும், ஆபரேஷன் தேவையில்லை என்கிறார். மாமியார் வீட்டில் புத்தூர் கட்டுக்குப் போகச் சொல்கிறார்கள். இன்று ஐந்தாவது நாள். எனக்கு இந்தக் கைதான் சோறு போடுகிறது. எப்போதுக்குள் முடிவு எடுக்க வேண்டும்? யோசித்துக்கொண்டே இருந்தால் கை கெட்டுப்போகுமா? பிளேட் வைத்தால் அதை எடுக்க மறுபடியும் ஒரு ஆபரேஷன் செய்ய வேண்டுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

மணிக்கட்டைத் தூக்க முடிகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் நிம்மதியாக இருந்தது. மேற்கை எலும்பின் பின்பக்கத்தை ஒட்டிச் சுற்றிக்கொண்டு ரேடியல் நரம்பு கீழே இறங்குகிறது. எலும்பு நடுவில் முறியும்போது ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு அந்த நரம்பு அடிபட்டு மணிக்கட்டு தொங்கிப்போகும். அப்படித் தொங்கினாலும் பெரும்பாலானவர்களுக்குச் சில மாதங்களில் தானே திரும்பிவிடும். உங்களுக்கு அந்தக் கவலை இல்லை. ஆனாலும் தினமும் காலையில் மணிக்கட்டைத் தூக்கி, கட்டைவிரலை விரித்துப் பாருங்கள். நேற்று முடிந்தது இன்று முடியாமல் போனால் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். இன்று இரவே முடிவு எடுத்தாக வேண்டிய நிலையில் நீங்கள் இல்லை. பிளேட் வைப்பதென்றால் விழுந்த நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் வைத்துக்கொள்வது நல்லது. மூன்று வாரம் தாண்டினால் முறிந்த முனைகளைச் சுற்றிப் புது எலும்பு படிய ஆரம்பித்திருக்கும். அதை விலக்கி நேராக்குவது கடினம், பக்கத்தில் ஓடும் நரம்புக்கும் ஆபத்து கூடும். ஆகவே இன்னும் ஒரு வாரம் உங்கள் கையில் இருக்கிறது. நிதானமாகக் கேட்டு, புரிந்துகொண்டு முடிவு செய்ய அது போதும்.

இதைப் படிக்கிற எல்லோருக்கும் அந்த அவகாசம் கிடையாது என்பதையும் சொல்லியாக வேண்டும். எலும்பு முறிந்த இடத்தில் தோல் கிழிந்திருந்தால், சின்னத் துளையாக இருந்தாலும், ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் ஊசி போட்டுவிடப் பார்க்க வேண்டும். கை வெளுத்துச் சில்லிட்டு, நாடி தெரியாமல் போனால் ரத்தக்குழாய் அடிபட்டிருக்கிறது என்று அர்த்தம். ஊசி போட்டும் அடங்காத வலி, விரலை லேசாக நீட்டிவிட்டாலே தாங்க முடியாத வலி என்றால் உள்ளே தசைகளில் அழுத்தம் ஏறிக்கொண்டிருக்கிறது. இவற்றுக்கெல்லாம் மணிக்கணக்குதான். இன்னொருவர் என்ன சொல்கிறார் என்று கேட்டுவர அங்கே நேரமில்லை. அதேபோல முழங்கைக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிந்து விலகிவிட்ட பெரியவர்களுக்கு, அவசரம் இல்லாவிட்டாலும், பிளேட்தான் வழி. உள்ளங்கையை மேலும் கீழும் திருப்புவதற்கு அந்த இரண்டு எலும்புகளும் மிகச் சரியாகப் பொருந்தியிருக்க வேண்டும். சின்னப் பிள்ளைகளின் எலும்பு வளர வளரத் தன்னைத்தானே ஓரளவு நேராக்கிக்கொள்ளும் என்பதால் அவர்களுக்கு இதே முறிவு பல நேரம் மாவுக்கட்டிலேயே சரியாகிவிடும்.

உங்கள் முறிவு இந்த இரண்டு வகையிலும் சேராது. மேற்கை எலும்பு கொஞ்சம் கோணலாகக் கூடினாலும் தோளும் முழங்கையும் அதை ஈடுகட்டிவிடும். 20, 30 டிகிரி வரை கோணலைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பது பழைய கணக்கு. அதனால்தான் இரண்டு டாக்டர்கள் இரண்டு விதமாகச் சொல்ல இங்கே இடம் இருக்கிறது. ஒருவர் பணத்துக்காகச் சொல்கிறார், இன்னொருவர் விஷயம் தெரியாமல் சொல்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள். பிரேஸ் முறையைப் பரப்பிய அமெரிக்க டாக்டர் அகஸ்டோ சார்மியென்டோவும் அவருடைய சகாக்களும் 2000 இல் 620 பேரின் முடிவுகளை வெளியிட்டார்கள். தோல் கிழியாத முறிவுகளில் எலும்பு கூடாமல் போனது 100 இல் 2 பேருக்கும் குறைவு. ஒரு தலைமுறை டாக்டர்கள் அந்த நம்பிக்கையில் வளர்ந்தவர்கள். ஆனால் அவரிடம் சிகிச்சை பெற்றவர்களில் கணிசமானவர்கள் கடைசிவரை பரிசோதனைக்கு வரவில்லை, அவர்கள் அந்தக் கணக்கில் இல்லை. பின்லாந்தில் 82 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குப் பிளேட், மறுபாதிக்குப் பிரேஸ் என்று கொடுத்துப் பார்த்த ஆய்வு 2020 இல் வந்தது. ஒரு வருடம் கழித்து இரு தரப்பின் கை செயல்பாட்டிலும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் பிரேஸ் போட்டவர்களில் பத்தில் மூன்று பேருக்கு எலும்பு சரியாகக் கூடாமல் பிறகு ஆபரேஷன் தேவைப்பட்டது. இப்படித் தாமதமாக ஆபரேஷனுக்கு வந்தவர்களின் கை, இரண்டு வருடம் கழித்தும் மற்றவர்களின் கையைவிடக் கொஞ்சம் பின்தங்கியே இருந்தது.

இந்தக் கடைசி விவரத்தை வைத்துத்தான் நான் முடிவு செய்வேன். பிரேஸ் போடுவது தப்பில்லை. எலும்பு கூடவில்லை என்பதை நான்கு, ஐந்து மாதம் கழித்துக் கண்டுபிடிப்பதுதான் தப்பு. எங்கள் ஊர்ப் பக்கங்களில் நடப்பது பெரும்பாலும் அதுதான். கட்டுப் போட்டுவிட்டு வலி குறைந்ததும் ஆஸ்பத்திரிப் பக்கமே வருவதில்லை. கை தூக்கவில்லை என்று வரும்போது தோள் இறுகி, எலும்பு மெலிந்து, இடுப்பிலிருந்து எலும்பு எடுத்து வைக்க வேண்டிய நிலைக்குப் போயிருக்கும். ஆகவே பிரேஸ் என்று முடிவெடுத்தால், சேர்த்து இன்னொரு தேதியையும் இன்றே குறித்துக்கொள்ளுங்கள். முதல் மூன்று வாரம் வாரம் ஒரு எக்ஸ்ரே. ஆறாவது வாரம் டாக்டர் முறிந்த இடத்தைக் கையால் பிடித்து அசைத்துப் பார்க்க வேண்டும். எலும்பு ஒரே துண்டாக அசைந்தால் தொடரலாம். இன்னமும் நடுவில் ஆடினால், படத்திலும் புது எலும்பு தெரியாவிட்டால், அப்போதே ஆபரேஷனைப் பற்றிப் பேசுங்கள். "இன்னும் ஒரு மாதம் பார்ப்போம்" என்பதை அந்த இடத்தில் நான் ஏற்கமாட்டேன்.

உங்கள் எக்ஸ்ரேயை நான் பார்க்கவில்லை. அதனால் டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும் என்று சொல்கிறேன். முறிவு எலும்பின் மேல்பகுதியில் இருக்கிறதா, நடுவிலா? குறுக்கே நேராக முறிந்ததா, சுருளாகவா? இரண்டு முனைகளுக்கும் நடுவே இடைவெளி தெரிகிறதா? சுருளாக முறிந்து முனைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் பிரேஸை நம்பலாம். மேல்பகுதியில் குறுக்கே முறிந்து இடைவெளியும் இருந்தால் காத்திருந்து பார்ப்பதில் எனக்கு விருப்பமில்லை. சர்க்கரை இருந்தால் மூன்று மாதச் சர்க்கரை அளவான எச்பிஏ1சி பார்த்துக்கொள்ளுங்கள். அது இரண்டு வழிக்கும் முக்கியம்.

அப்புறம் உங்கள் தொழில். ஒரு வருடம் கழித்து இரண்டு வழியும் ஒன்றுதான் என்று ஆய்வு சொன்னாலும், அந்த வருடத்தின் முதல் மூன்று மாதம் எப்படிப் போகும் என்பது தையற்காரருக்குப் பெரிய விஷயம். பிரேஸில் விரலையும் முழங்கையையும் சீக்கிரமே அசைக்கலாம், ஆனால் பெரிய கத்தரிக்கோலால் துணி வெட்டுவது, இஸ்திரிப் பெட்டியைத் தூக்குவது எல்லாம் எலும்பு கூடும்வரை முடியாது. அதற்கு மூன்று மாதம்கூட ஆகலாம். முதல் சில வாரம் சாய்ந்து உட்கார்ந்தபடியேதான் தூங்க வேண்டும், கை கீழே தொங்கினால்தான் எலும்பு நேராக நிற்கும். முழங்கையை நாற்காலிக் கையிலோ தலையணையிலோ ஊன்றக்கூடாது, ஊன்றினால் முறிவு கோணலாகும். பிளேட் வைத்தால் சில நாட்களிலேயே கையை அசைக்கத் தொடங்கலாம், மேசை வேலைக்குச் சில வாரங்களில் திரும்பலாம். அதற்கான விலை மயக்க மருந்து, சிறிய அளவில் தொற்று அபாயம், நரம்பு இழுபட்டுச் சில மாதம் மணிக்கட்டு தொங்கும் வாய்ப்பு. கடையை மூன்று மாதம் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறதா என்று வீட்டில் பேசுங்கள். ஆள் இல்லை, எக்ஸ்ரேயும் சுமார்தான் என்றால் இரண்டாவது வாரத்துக்குள் பிளேட் வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். பணத்துக்காகத் தள்ளிப்போடாதீர்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் அந்தத் திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரியா என்று முதலிலேயே கேளுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் இந்த ஆபரேஷன் வழக்கமாகச் செய்வதுதான்.

புத்தூர் கட்டைப் பற்றி உங்கள் மாமியார் மனம் நோகாமல் சொல்ல விரும்புகிறேன். ஆந்திரத்துப் புத்தூரில் தலைமுறை தலைமுறையாகக் கட்டுகிறார்கள், போய்க் குணமாகி வந்தவர்களும் நிறைய. மேற்கை எலும்பு தானாகவே கூடும் குணம் உள்ளது என்பதால் மூங்கில் பத்தை வைத்துக் கட்டினாலும் பலருக்குக் கூடிவிடும். என் பயம் இறுக்கத்தைப் பற்றி. வீக்கம் ஏறுகிற முதல் நாட்களில் கட்டு இறுகினால் ரத்த ஓட்டம் தடைபட்டுத் தசைகள் செத்துவிடும். விரல்கள் மடங்கியபடியே நின்றுபோகும் அந்த நிலையை 1881 இல் ஜெர்மன் டாக்டர் ஃபோல்க்மன் எழுதி வைத்தார், அவர் பெயரில்தான் இன்றும் அழைக்கிறோம். குழந்தைகளுக்கு முழங்கை அருகே முறிந்து இறுக்கிக் கட்டினால் அது வரக்கூடும். அப்படி வந்த கையை எந்த ஆபரேஷனாலும் முழுசாக மீட்க முடியாது. ஊருக்கு ஊர் புத்தூர் கட்டு என்று பலகை வைத்திருக்கும் இடங்களில் யார் கட்டுகிறார்கள் என்பதும் நமக்குத் தெரியாது. வேண்டாம்.

கடைசிக் கேள்வி. மேற்கையில் வைத்த பிளேட்டைப் பெரியவர்களுக்குப் பொதுவாக எடுப்பதில்லை. எடுக்கப் போனால் அதே நரம்பைத் தாண்டித்தான் போக வேண்டும். தொற்றோ, பிளேட்டால் தொந்தரவோ இல்லாதவரை அது அங்கேயே இருக்கட்டும்.