சத்தமான படிப்பறை – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் அரசு உதவிபெறும் பள்ளி ஒன்றில் ஆசிரியை. ஜெருசலேமில் உள்ள மதக் கல்விக்கூடம் ஒன்றின் வீடியோவைப் பார்த்தேன். நூற்றுக்கணக்கான இளைஞர்கள் இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து, மேஜையைத் தட்டி, ஒருவரை ஒருவர் மறித்துப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். தால்முத் படிக்கிறார்களாம். மதப் படிப்பு என்றால் பணிந்து கேட்டுக்கொள்வதுதானே? சண்டை எப்படி பக்தியாகும்? எங்கள் ஆசிரியர் அறையில் ஒருவர், யூதர்கள் புத்திசாலிகளாக இருக்க இதுதான் காரணம் என்கிறார். இன்னொருவர், அங்கே பலர் வேலைக்கே போகாமல் வாழ்நாள் முழுக்கப் படிக்கிறார்கள், அது சரியா என்கிறார். நீங்கள் தால்முத் வாசிப்பதாக முன்பு எழுதியிருந்ததால் கேட்கிறேன்.

எம்., திருநெல்வேலி

அன்புள்ள எம்.,

நீங்கள் பார்த்தது யெஷிவா என்னும் கல்விக்கூடத்தின் படிப்பறை. ஜோடியாகப் படிக்கும் அந்த முறைக்கு ஹவ்ரூதா என்று பெயர். ஒருவர் ஒரு பத்தியை உரக்க வாசித்துப் பொருள் சொல்வார். அது நிற்குமா என்று தட்டிப் பார்ப்பது மற்றவரின் வேலை. ஆசிரியரின் பாடத்துக்கு முன்னால் மணிக்கணக்கில் இப்படித்தான் தயார் செய்கிறார்கள். அமைதியாக இருக்கும் ஜோடியைப் பார்த்தால்தான் அங்கே சந்தேகப்படுவார்கள்.

சண்டை எப்படி பக்தியாகும் என்ற கேள்விக்கு அந்த நூலின் பக்கத்தைப் பார்த்தாலே பாதி பதில் கிடைத்துவிடும். கி.பி. 70இல் ரோமானியர்கள் ஜெருசலேம் ஆலயத்தை இடித்தார்கள். பலி கொடுக்க இடமில்லாமல் போன மதத்தில் படிப்பும் தொழுகையும் அந்த இடத்துக்கு வந்தன. சுமார் 200இல் யெஹூதா ஹநாசி என்ற அறிஞர் வாய்மொழிச் சட்டங்களை மிஷ்னா என்று தொகுத்தார். அதன்மேல் பாபிலோனிய அறிஞர்கள் பல தலைமுறைகளாக நடத்திய விவாதம் கெமாரா. இரண்டும் சேர்ந்ததுதான் தால்முத். அச்சிட்ட பக்கத்தில் இவை நடுவில் இருக்கும். ஒரு பக்கம் பிரான்ஸின் த்ரொவா ஊரைச் சேர்ந்த ராஷியின் உரை. அவர் 1105இல் இறந்தவர். மறுபக்கம் தோசஃபோத் என்னும் உரை. அதை எழுதியவர்களில் ராஷியின் பேரன்களும் உண்டு. தாத்தா சொன்னது இங்கே பொருந்தவில்லை என்று அவர்கள் பல இடங்களில் நேராகவே எழுதுகிறார்கள். 1520களில் வெனிஸ் நகரில் டேனியல் பாம்பெர்க் என்ற கிறிஸ்தவ அச்சகக்காரர் முழு தால்முத்தையும் அச்சிட்டபோது நிலைபெற்ற அமைப்பு இது. இன்றும் பையன்கள் இந்தப் பக்கத்தைத்தான் திறக்கிறார்கள். தாத்தாவின் உரையும் பேரனின் மறுப்பும் ஒரே பார்வையில் கண்ணில் படுகின்றன.

என்னை இந்த மரபிடம் இழுத்தது ஒரே ஒரு விஷயம். தோற்ற தரப்பை அவர்கள் அழிக்கவில்லை. ஹில்லேல், ஷம்மாய் என்ற இரு பழைய ஆசிரியர்களின் வழிவந்த பள்ளிகள் எத்தனையோ சட்டங்களில் மோதின. பெரும்பாலும் ஹில்லேல் பக்கமே தீர்ப்பானது. ஆனால் ஷம்மாய் சொன்னதும் அதே பக்கத்தில் இருக்கிறது. ஏற்கப்படாத கருத்தை எதற்காக எழுதிவைக்க வேண்டும் என்று மிஷ்னாவே கேட்டுக்கொள்கிறது. பின்னால் வரும் ஒரு நீதிமன்றத்துக்கு அது சரியென்று பட்டால் அதன்மேல் சாய்ந்துகொள்ளலாம் என்பது அங்கே சொல்லப்படும் ஒரு காரணம். தீர்ப்பு ஏன் ஹில்லேல் பக்கம் போனது என்பதற்கு தால்முத் தரும் காரணம் இன்னும் பிடிக்கும். அவர்கள் மென்மையானவர்கள், எதிர்த்தரப்பின் வாதத்தைத் தங்கள் வாதத்துக்கு முன்பே சொல்லிக்கொடுத்தார்கள் என்கிறது. ஆசிரியரான உங்களுக்கு இதன் கனம் புரியும்.

இதில் எனக்கு மிக நெருக்கமான கதை ரபி யோஹனானும் ரேஷ் லாகிஷும். ரபி என்றால் யூத மத ஆசிரியர். ரேஷ் லாகிஷ் கொள்ளைக்காரனாக இருந்தவர். யோஹனான் அவரைப் படிப்புக்கு இழுத்து, தன் தங்கையையும் மணம் செய்து கொடுத்து, பெரிய அறிஞராக்கினார். இருவரும் படிப்பில் இணைபிரியாத ஜோடி. ஒருநாள் வாள், கத்தி, ஈட்டி எல்லாம் எந்தக் கட்டத்தில் செய்து முடிந்த பொருளாகின்றன என்று விவாதம். ரேஷ் லாகிஷ் மறுத்ததும், கொள்ளைக்காரனுக்குத் தன் தொழில் தெரியாதா என்று யோஹனான் சொல்லிவிட்டார். அந்த ஒரு சொல் எல்லாவற்றையும் உடைத்துவிட்டது. ரேஷ் லாகிஷ் நோயில் விழுந்தார். அவர் மனைவி வந்து அழுதும் அண்ணன் இறங்கவில்லை. ரேஷ் லாகிஷ் இறந்துபோனார்.

பிறகுதான் யோஹனானுக்குத் துக்கம் தாங்கவில்லை. அவரைத் தேற்ற எலாசர் பென் பெதாத் என்ற கூர்மையான அறிஞரை அனுப்புகிறார்கள். யோஹனான் என்ன சொன்னாலும் அதற்கு ஆதாரம் இருக்கிறது என்று இவர் எடுத்துத் தருகிறார். யோஹனான் உடைந்துபோய்ச் சொல்கிறார்: ரேஷ் லாகிஷாக இருந்தால் நான் சொல்வதற்கு 24 மறுப்பு சொல்லியிருப்பான், நான் 24 பதில் சொல்லியிருப்பேன், சட்டம் விரிந்திருக்கும், நான் சொல்வது சரி என்று எனக்கே தெரியாதா? ஆடையைக் கிழித்துக்கொண்டு, நண்பனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் திரிந்து, புத்தி கலங்கி இறந்தார் என்று கதை முடிகிறது.

தங்கள் மாபெரும் ஆசிரியர் ஒருவர் ஒரு குத்தல் பேச்சால் நண்பனைக் கொன்றார் என்பதைத் தங்கள் புனித நூலிலேயே எழுதிவைத்து, பிள்ளைகளை அதைப் படிக்கவும் வைத்த சமூகம் இது. வாதம் வேண்டும், அவமானப்படுத்தல் கூடாது என்பதை அங்கே யாரும் உபதேசமாகச் சொல்லத் தேவையில்லை.

சரி, புத்திசாலித்தனம். யூதத் தாய்மார்கள் கர்ப்பத்தில் கணக்குப் போடுவார்கள், பாதாம் தின்பார்கள், அதனால் பிள்ளைகள் நோபல் வாங்குகின்றன என்று ஒரு வாட்ஸாப் செய்தி வருடக்கணக்காகத் தமிழில் சுற்றுகிறது. அது கட்டுக்கதை. உங்கள் சக ஆசிரியர் சொல்வது அதைவிட மேல்தான், ஆனாலும் ஒரு மக்களை மொத்தமாக மேதைகள் என்பது அவர்களைப் பார்க்காமல் இருக்க ஒரு வழி. எழுத்தறிவுக்கு அந்தச் சமூகம் சீக்கிரமே கொடுத்த இடம் மட்டும் உண்மை. யெஹோஷுவா பென் கம்லா என்ற தலைமைக் குரு ஊர்தோறும் ஆசிரியர்களை அமர்த்தினார் என்று தால்முத் நன்றியோடு நினைவுகூர்கிறது. அதற்கு முன் தகப்பன் உள்ள பிள்ளை படித்தது, இல்லாத பிள்ளை படிக்கவில்லை. ஓர் ஆசிரியருக்கு 25 பிள்ளைகள், 40 ஆனால் துணை ஆசிரியர் வேண்டும் என்ற கணக்கும் அங்கே இருக்கிறது. உங்கள் வகுப்பில் எத்தனை பேர் என்று கேட்கத் தோன்றுகிறது.

அடுத்து, வேலைக்குப் போகாமல் படிப்பவர்கள். இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. இஸ்ரேல் உருவான காலத்தில் அதன் முதல் பிரதமர் பென் குரியன் சுமார் 400 யெஷிவா மாணவர்களுக்கு ராணுவச் சேவையிலிருந்து விலக்கு கொடுத்தார். ஹிட்லர் ஐரோப்பாவின் யெஷிவாக்களை அழித்திருந்த நேரம் அது. அந்த விலக்கு பின்னர் பல்லாயிரக்கணக்கானவர்களுக்கு விரிந்தது. 2024 ஜூனில் இஸ்ரேல் உச்ச நீதிமன்றம் அதற்குச் சட்ட அடிப்படை இல்லை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. ராணுவம் அவர்கள் நாட்டுப் பிரச்சினை. எனக்கு உறுத்துவது பள்ளிக்கூடம். அங்குள்ள தீவிர மரபினரான ஹரேதிகளின் பையன்கள் பெரும்பாலோருக்கு 13 வயதுக்கு மேல் கணிதமும் ஆங்கிலமும் கிடையாது. மகனுக்குத் தொழில் கற்றுக்கொடுக்காத தகப்பன் அவனுக்குத் திருட்டைக் கற்றுக்கொடுக்கிறான் என்று அவர்கள் இரவும் பகலும் படிக்கும் தால்முத்திலேயே ரபி யெஹூதா சொல்கிறார். நீச்சல்கூடச் சொல்லித்தர வேண்டும் என்கிறது அதே பகுதி. தோராவை, அதாவது யூத வேதத்தை, படித்துக்கொண்டு பிறர் தரும் தானத்தில் வாழலாம் என்று நினைப்பவன் இறைவனின் பெயரைக் கெடுக்கிறான் என்று, மருத்துவராகப் பிழைத்த 12ஆம் நூற்றாண்டு யூத அறிஞர் மைமோனிடிஸ் கடுமையாக எழுதினார். இதற்கு அவர்களிடம் பதில்கள் உண்டு, பின்வந்த அறிஞர்கள் மைமோனிடிஸை மறுத்திருக்கிறார்கள். என்னை அந்தப் பதில்கள் திருப்திப்படுத்தவில்லை. ஒரு பையன் பெரியவனாகி வேறு வழி தேடினால் அவன் கையில் எதுவும் இல்லாமல் செய்வது அவனுக்கு இழைக்கும் அநியாயம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். அந்த வீடியோவில் ஒரு பெண்கூட இருந்திருக்க மாட்டாள். மகளுக்குத் தோரா கற்பிப்பது கடமை என்று மிஷ்னாவில் பென் அசாய் சொல்கிறார். கற்பித்தால் கெட்டுப்போவாள் என்கிறார் ரபி எலியேசர். நூற்றாண்டுகளாக எலியேசரின் சொல்தான் நடந்தது. ஆனால் பென் அசாயின் வரி அழியாமல் அங்கேயே கிடந்தது. 1917இல் போலந்தின் க்ராகோவ் நகரில் சாரா ஷெனிரர் என்ற தையல்காரப் பெண் சிறுமிகளுக்குப் பள்ளி தொடங்கினார். அவர் 1935இல் இறக்கும்போது, அதிலிருந்து வளர்ந்த பெய்ஸ் யாக்கோவ் பள்ளிகள் இருநூறைத் தாண்டியிருந்தன. அங்கேயும் தால்முத் கிடையாது. 1977இல் நியூயார்க்கில் ஸ்டெர்ன் மகளிர் கல்லூரியின் தால்முத் வகுப்பை, மரபுவழி யூதர்கள் பெரிதும் மதித்த ரபி சொலவெய்ச்சிக் தாமே வந்து முதல் பாடம் நடத்தித் தொடங்கிவைத்தார். 2020 ஜனவரியில் ஜெருசலேமில் ஆயிரக்கணக்கான பெண்கள் கூடி, தால்முத்தின் ஒரு முழுச் சுற்றைப் படித்து முடித்ததைக் கொண்டாடினார்கள். அதைப் படித்த அன்று எனக்குப் பென் அசாய்தான் நினைவுக்கு வந்தார்.

அந்தச் சுற்று தஃப் யோமி என்னும் ஏற்பாடு. தினமும் ஒரு தாள், இரு பக்கமும். மொத்தம் 2711 தாள்கள், ஏறக்குறைய ஏழரை ஆண்டு. 1923இல் வியன்னா மாநாட்டில் மெயிர் ஷபிரோ என்ற இளம் ரபி முன்வைத்தது. உலகில் எந்த ஊரில் இறங்கினாலும் அன்றைய தாளைப் பிடித்துக்கொண்டு யாரோடும் உட்கார்ந்துவிடலாம் என்பது அவர் கனவு. நானும் ஒரு நண்பரும் தொலைபேசியில் படிக்கிறோம், அந்த வேகத்தில் அல்ல. செஃபாரியா தளத்தில் ஆங்கில மொழிபெயர்ப்பு முழுவதும் இலவசம்.

உங்களுக்கு ஆர்வம் இருந்தால் தால்முத்தில் பாவா மெட்சியா என்ற பகுதியின் இரண்டாம் அத்தியாயத்திலிருந்து தொடங்குங்கள். யெஷிவாப் பையன்களையும் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கவைக்கிறார்கள். கீழே கிடந்து எடுத்த பொருளில் எதை வைத்துக்கொள்ளலாம், எதை ஊரறிய அறிவித்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது விஷயம். சிதறிக் கிடக்கும் காசை வைத்துக்கொள்ளலாமாம், பைக்குள் இருக்கும் காசை அறிவிக்க வேண்டுமாம். ஏன் என்று உங்கள் ஆசிரியர் அறையில் அந்த இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்துக் கேளுங்கள். என்ன பதில் வந்தது என்று எழுதுங்கள்.