அப்பாவின் கைலியும் ஆறு மாத ஆயின்மென்ட்டும்

கேள்வி: என் மூன்று வயது மகளுக்குக் கை மடிப்பிலும் முழங்காலுக்குப் பின்னாலும் கரப்பான். டாக்டர் எழுதிக் கொடுத்த க்ரீம் ஸ்டீராய்டு என்று தெரிந்ததும் பயந்துபோய் இரண்டே நாளில் நிறுத்திவிட்டேன். ராத்திரியெல்லாம் சொறிகிறாள். அப்பாவின் கைலியைப் போர்த்தினால்தான் தூங்குவாள். அவருக்கும் தொடை இடுக்கில் படர்தாமரை இருந்தது. மெடிக்கலில் கேட்டு வாங்கிய ஆயின்மென்ட்டை ஆறு மாதமாகப் போடுகிறார், பிரச்சினை ஒன்றும் இல்லை. குழந்தைக்கு ஸ்டீராய்டு கலக்காத மருந்து சொல்லுங்களேன்.
- வாசகி, மேலூர்

பதில்: மருந்து சொல்ல மாட்டேன். உங்கள் கடிதத்தை நீங்களே ஒருமுறை வாசியுங்கள். படர்தாமரை ‘இருந்தது’ என்கிறீர்கள், ஆயின்மென்ட் ‘போடுகிறார்’ என்கிறீர்கள். போன வியாதிக்கு யாராவது ஆறு மாதம் மருந்து போடுவார்களா?

அது போகவில்லை. அவருடைய டியூபை எடுத்துப் பொடி எழுத்தைப் படியுங்கள். க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் என்று ஏதாவது இருந்தால் அதுவும் ஸ்டீராய்டுதான், அதிலும் வீரியமானது. படர்தாமரைக்குக் காரணமான பூஞ்சையைக் கொல்லும் மருந்தோடு ஸ்டீராய்டையும் ஒரே டியூபில் கலந்து விற்கிறார்கள். தடவியதும் அரிப்பும் சிவப்பும் அடங்கும். பூஞ்சை அடங்காது; தோலின் எதிர்ப்பு குறைந்துபோவதால் இன்னும் படரும். இடுக்கில் தோல் மெலிந்து வரிவரியாகக் கோடு விழும், அந்தக் கோடு பிறகு மறையாது. 2018-லேயே மத்திய அரசு இந்த வகை க்ரீம்கள் பலவற்றைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்துவிட்டது. நம் ஊர்க் கடைகளில் ‘படைக்கு ஒண்ணு குடுங்க’ என்றால் இன்னும் எடுத்து நீட்டுகிறார்கள்.

டாக்டர் பார்த்துக் கொடுத்ததைக் கண்டு பயம், கடைக்காரர் கொடுத்ததைக் கண்டு பயமில்லை. தங்கச்சியாக நினைத்துத்தான் திட்டுகிறேன்.

அப்புறம் அந்தக் கைலி. படர்தாமரை துணியில் ஒட்டும், துண்டில் ஒட்டும். அதைத்தான் ராத்திரி முழுக்கப் பிள்ளை போர்த்திக்கொண்டு கிடக்கிறாள். அப்பாவுக்கு இப்படி இருக்கிறது என்று டாக்டரிடம் சொன்னீர்களா? சொல்லியிருக்க மாட்டீர்கள், கூச்சம். பிள்ளைக்கு இருப்பது கரப்பான் மட்டும்தானா, அப்பாவிடமிருந்து ஒட்டியதும் சேர்ந்திருக்கிறதா என்று அவர்தான் பார்க்க வேண்டும். பூஞ்சையின் மேல் ஸ்டீராய்டு பட்டால் அப்பாவுக்கு ஆனதுதான் பிள்ளைக்கும் ஆகும்.

கரப்பான்தான் என்று டாக்டர் உறுதியாகச் சொல்லிவிட்டால், சொன்ன இடத்தில், சொன்ன அளவு, சொன்ன நாள் வரை தைரியமாகப் போடுங்கள். அளவு தெரியாவிட்டால் கேளுங்கள். உங்கள் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கினால் சுமார் அரை கிராம். விரல்களையும் சேர்த்துப் பெரியவர்களின் இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்கு அது போதும். முகத்தில் மட்டும் அவர் சொல்லாமல் போடாதீர்கள். பாதியில் நிறுத்திவிட்டுப் பிள்ளையை விடிய விடியச் சொறிய விடுவது பாதுகாப்பு இல்லை. நகம் பட்டுப் புண்ணாகிச் சீழ் வைத்தால் அது வேறு தொல்லை.

உங்கள் வீட்டுக்காரர் விஷயத்தில் எனக்குத் தாட்சண்யம் கிடையாது. பிள்ளை பெற்றவனுக்குத் தன் உடம்பைக் காட்டக் கூச்சப்படும் உரிமை இல்லை. வேலைக்கு லீவு போட முடியாது என்பார். மதுரை பெரியாஸ்பத்திரியில் தோல் பிரிவு இருக்கிறது, ஒரு காலைப்பொழுது போதும். டியூபைத் தூக்கிப் போடாமல் கையோடு கொண்டு போகச் சொல்லுங்கள், எத்தனை மாதம் போட்டார் என்பதையும் மறைக்காமல் சொல்லட்டும். அவருக்குக் குணமாகும் வரை கைலி, ஜட்டி, துண்டு எல்லாம் தனியாக, சுடுதண்ணீரில் துவைத்து நல்ல வெயிலில் காயட்டும்.

கைலி இல்லாமல் பிள்ளை அழுவாள்தான். உங்கள் பழைய சுங்குடிச் சேலை ஒன்றைக் கிழித்துப் போர்த்துங்கள். நாலு நாள் அழுதுவிட்டு அதிலேயே தூங்கப் பழகிக்கொள்வாள்.