ரேஸைக் குறைத்தால் பவர் வீடர் திணறி நின்றுவிடுகிறது. புது கார்புரேட்டர்தான் போட வேண்டுமா?

சில மாதங்கள் கொட்டகையில் நின்ற பவர் வீடர், சோக் (காற்றைக் குறைக்கும் தகடு) போட்டால் ஸ்டார்ட் ஆகிறது, முழு ரேஸில் ஓரளவு ஓடுகிறது, ரேஸைக் குறைத்ததும் மிஸ்ஸிங் அடித்து நின்றுவிடுகிறது, மெக்கானிக் கார்புரேட்டரையே மாற்றச் சொல்கிறார் என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு மாற்ற வேண்டாம். நீங்கள் சொல்லும் அறிகுறி ஸ்லோ ஜெட் (ரேஸ் குறைவாக இருக்கும்போது பெட்ரோல் போகும் பொடித் துளை) அடைப்பைத்தான் காட்டுகிறது. அதைக் கழற்றி ஒழுங்காகச் சுத்தம் செய்தால் பெரும்பாலும் வேலை அதோடு முடிந்துவிடும்.

நாங்கள் மஞ்சளும் மரவள்ளியும் வைக்கிறோம். களைவெட்டு நேரத்தில் வீடர் படுத்துவிட்டால், ஆளும் கிடைக்காமல் மெஷினும் இல்லாமல் காடு கண்முன்னே களை மூடிப் போகும். அந்த நேரத்தில் மெக்கானிக்குக்காகக் காத்திருப்பதைவிட இந்த ஒரு வேலையை நாமே தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது என்பது என் உறுதியான எண்ணம். நம் ஊரில் ஓடும் பெட்ரோல் வீடர்களில் பெரும்பாலானவற்றில் இருப்பது ஹோண்டா ஜிஎக்ஸ்160 எஞ்சின், அல்லது அதே அமைப்பில் சீனாவில் தயாராகும் 168எஃப், 170எஃப் எஞ்சின். தண்ணீர் பம்பிலும் கடை ஜெனரேட்டரிலும் கான்கிரீட் வைப்ரேட்டரிலும் இவைதான். கார்புரேட்டரும் ஏறக்குறைய ஒரே மாதிரி. ஒன்றைப் பிரித்துப் பழகினால் எல்லாம் கைக்கு வந்துவிடும்.

ஐடிலிங்கில், அதாவது ரேஸ் கொடுக்காமல் ஓடும்போது மட்டும் ஏன் நிற்கிறது என்பது புரிந்துவிட்டால், எந்த ஸ்க்ரூவில் கை வைக்கலாம், எதில் வைக்கக் கூடாது என்பதும் தெரிந்துவிடும். கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வருவதற்கு இரண்டு வழி உண்டு. ரேஸ் கொடுக்கும்போது நடுவிலுள்ள குறுகிய தொண்டை வழியாகக் காற்று வேகமாகப் போகும். அந்த வேகம் கீழேயுள்ள கிண்ணத்திலிருந்து மெயின் ஜெட் வழியாகப் பெட்ரோலை உறிஞ்சும். ரேஸைக் குறைத்தால் தொண்டையில் இருக்கும் வட்டத் தகடு ஏறக்குறைய மூடிக்கொள்ளும், காற்றின் வேகம் விழுந்துவிடும், மெயின் ஜெட்டிலிருந்து பெட்ரோல் ஏறாது. அப்போது எஞ்சின் உயிரோடு இருப்பது ஸ்லோ ஜெட்டை நம்பித்தான். அதன் துளை தையல் ஊசியின் காதைவிடச் சிறியது, அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. அதில் பாதி அடைத்தாலே எஞ்சினுக்குப் பெட்ரோல் பற்றாது. மெயின் ஜெட் துளை பெரியது என்பதால் அது பிழைத்துக்கொள்ளும். முழு ரேஸில் ஓடும் எஞ்சின் ஐடிலிங்கில் சாவதற்குக் காரணம் இதுதான்.

அடைப்பது பெரும்பாலும் மண் இல்லை, பெட்ரோலேதான். கிண்ணத்தில் மாதக்கணக்கில் நின்ற பெட்ரோலில் லேசான பகுதி ஆவியாகிப் போய், மிச்சம் பிசின் மாதிரி ஒட்டிக்கொள்ளும். கிண்ணத்தைக் கழற்றியதும் பெட்ரோலின் காரமான வாசனைக்குப் பதிலாகப் பழைய வார்னிஷ் வாடை அடித்தால் அதுதான் அடையாளம். எத்தனாலும் சேர்ந்துகொள்கிறது. நம் நாட்டுப் பெட்ரோலில் 10 சதவீத எத்தனால் என்ற இலக்கை 2022 ஜூனில் எட்டினார்கள், 2025இல் அது 20 சதவீதமாகிவிட்டது. எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் அளவுக்கு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து கிண்ணத்தின் அடியில் தங்கும். அலுமினியத்திலும் துத்தநாகக் கலவையிலும் வெள்ளைப் பொடி பூப்பதும், பித்தளை ஜெட்டில் பச்சை பிடிப்பதும் அதனால்தான். தினமும் ஓடும் மோட்டார் சைக்கிளில் பெட்ரோல் தங்குவதே இல்லை. பருவத்துக்கு மட்டும் ஓடும் வீடருக்குத்தான் இந்தத் தொல்லை அதிகம்.

ஸ்பேனரைக் கையில் எடுக்கும் முன் இதை உறுதி செய்துகொள்ளுங்கள். டேங்கிலிருக்கும் பழைய பெட்ரோலை இறக்கிவிட்டுப் புதுசு ஊற்றி ஸ்டார்ட் செய்யுங்கள். எஞ்சின் நன்றாகச் சூடாகட்டும். ரேஸைக் குறைத்துத் திணற ஆரம்பித்ததும் சோக்கைப் பாதி மூடிப் பாருங்கள். திணறல் குறைந்து சீராக ஓடினால் பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம். ஸ்லோ ஜெட் அடைத்திருக்கிறது, இல்லையென்றால் கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவிலுள்ள பேக்கிங் வழியாகக் காற்று உறிஞ்சுகிறது. சோக் போட்டதும் இன்னும் மோசமாகிக் கரும்புகை வந்தால் கதை வேறு. பெட்ரோல் அதிகமாகப் போகிறது, ஏர் ஃபில்டரையும், கிண்ணம் நிறைந்ததும் பெட்ரோலை நிறுத்தும் மிதவை நீடிலையும் பார்க்க வேண்டும். வீடரில் ஆயில் ஊற்றும் ஏர் ஃபில்டர் இருந்தால் இன்னொன்றும் கவனியுங்கள். டாடா ஏஸில் படுக்கப் போட்டுக் கொண்டுவந்த வண்டி என்றால் அந்த ஆயில் கார்புரேட்டருக்குள் இறங்கியிருக்கலாம். ஃபில்டரைத் துடைத்து, கோடு வரைக்கும் மட்டும் புது ஆயில் ஊற்றினாலே சில மெஷின்கள் சரியாகிவிடும்.

டேங்க் மூடியைச் சற்றுத் தளர்த்திப் பாருங்கள். தளர்த்தியதும் நன்றாக ஓடினால் மூடியிலுள்ள காற்றுத் துளைதான் அடைத்திருக்கிறது. பிளக்கையும் கழற்றுங்கள். பி.பி.ஆர்.6.இ.எஸ் பிளக்கானால் இடைவெளி 0.7 முதல் 0.8 மி.மீ. இருக்க வேண்டும். முனை வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு, கரி பிடித்திருந்தால் அதிகம். எஞ்சின் ஆறியதும், கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியிலுள்ள வடிகால் போல்ட்டைத் தளர்த்தி, காக்கை (பெட்ரோலைத் திறந்து மூடும் வால்வு) திறந்தால் பெட்ரோல் தடையில்லாமல் ஒழுக வேண்டும். காக்கின் அடியில் சின்னக் கப் இருக்கும் மாடலில் அதைக் கழற்றிக் கசடைக் கொட்டிவிடுங்கள். ஆளாளுக்குக் கார்புரேட்டரைக் குற்றம் சொல்லிக்கொண்டிருக்கும்போது பிரச்சினை இந்தக் கப்பில் தேங்கிய தண்ணீராக இருந்ததை எங்கள் ஊரில் பார்த்திருக்கிறேன்.

இனி கழற்றலாம். எஞ்சின் முழுதாக ஆறியிருக்க வேண்டும். வீட்டுக்குள்ளோ அடுப்பு பக்கத்திலோ வேண்டாம், பக்கத்தில் யாரும் பீடி பற்றவைக்கவும் வேண்டாம். பிளக் வயரைப் பிடுங்கி ஓரமாக வையுங்கள். காக்கை மூடுங்கள், காக் கார்புரேட்டரிலேயே இருக்கும் மாடலானால் டேங்கையும் காலியாக்கிவிடுங்கள். பிறகு எதையும் தொடும் முன் நான்கு பக்கமிருந்தும் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கவர்னர் கம்பியும் அதைச் சுற்றிப் போகும் மெல்லிய ஸ்பிரிங்கும் எந்தத் துளையில் மாட்டியிருக்கின்றன என்பது படத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும். அந்த ஸ்பிரிங்கை இழுத்து நீட்டவோ வளைக்கவோ கூடாது. எஞ்சினின் உச்ச வேகத்தைக் கட்டிப்போடுவது இந்தக் கவர்னர் அமைப்புதான். துளை மாறிப்போனால் அளவுக்கு மீறிய வேகத்தில் ஓடி எஞ்சினே உடையலாம். வேகத்தில் ஓடும் வீடர் கத்தி பக்கத்தில் நிற்பவர்களுக்கும் ஆபத்து.

ஏர் ஃபில்டரை எடுத்தால், அதன் கூட்டையும் கார்புரேட்டரையும் சேர்த்துப் பிடித்திருக்கும் இரண்டு நட்டு தெரியும், 10ஆம் நம்பர். அவற்றைக் கழற்றி, பெட்ரோல் குழாயையும் எடுத்துவிட்டு, கார்புரேட்டரைப் போல்ட்டிலிருந்து மெதுவாக இழுத்து, லேசாகத் திருப்பிக் கவர்னர் கம்பியிலிருந்து விடுவியுங்கள். உள்ளே ஒரு பேக்கிங், கெட்டியான கறுப்பு இன்சுலேட்டர், அதற்கு அப்புறம் இன்னொரு பேக்கிங் என்று வரும். எது எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். திருப்பிப் போட்டால் துளைகள் மூடிக்கொள்ளும். கழற்றியதையெல்லாம் கழற்றிய வரிசையிலேயே ஓர் எவர்சில்வர் தட்டில் வையுங்கள்.

கிண்ணத்தின் அடியில் நேராக ஒரு போல்ட்டு, சாய்வாக ஒரு போல்ட்டு இருக்கும். சாய்வானது பெட்ரோலை வடிப்பதற்கு. நேரானதைக் கழற்றினால் கிண்ணம் கைக்கு வரும். அதைச் சுற்றியிருக்கும் ரப்பர் வளையத்தைத் தனியே எடுத்துவைத்துவிடுங்கள். கிளீனர் பட்டால் ஊதிப்போய்த் திரும்ப உட்காராது. மிதவையைப் பிடித்திருக்கும் குறுக்குக் கம்பியை உருவினால் மிதவையும் அதில் தொங்கும் நீடிலும் வெளியே வரும். நீடிலோடு ஒரு பொடி ஸ்பிரிங்கும் உண்டு, புழுதியில் விழுந்தால் தேடி எடுக்க முடியாது. நடுத்தூணுக்குள் மெயின் ஜெட் இருக்கும். அதன் வெட்டுக்குச் சரியாக உட்காரும் அகல முனை ஸ்க்ரூ டிரைவரால் மட்டும் திருகுங்கள், சின்னதை வைத்து நெம்பினால் பித்தளை சிதைந்துவிடும். மெயின் ஜெட்டை எடுத்துவிட்டுக் கார்புரேட்டரைக் கவிழ்த்தால் பக்கமெல்லாம் துளை போட்ட பித்தளைக் குழல் ஒன்று விழும். அதையும் கழுவ வேண்டும்.

இப்போது முக்கியமான ஆள். ஐடில் ஸ்க்ரூ இருக்கிறதே, பிளாஸ்டிக் தலையும் ஸ்பிரிங்கும் வைத்தது, அதை எத்தனை சுற்றில் வெளியே வருகிறது என்று எண்ணிக்கொண்டே கழற்றுங்கள். அதன் பக்கத்தில், அந்த ஸ்க்ரூவே அமுக்கிப் பிடித்திருந்த கறுப்புத் துண்டு ஒன்று தெரியும். அதுதான் ஸ்லோ ஜெட். மரை கிடையாது, ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்தின் இறுக்கத்தில் நிற்கிறது. சின்ன ஸ்க்ரூ டிரைவரால் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி நெம்பினால் எழும்பி வரும். ‘கார்புரேட்டர் சுத்தம் பண்ணிட்டேன், இன்னும் அப்படியே இருக்கு’ என்று சொல்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள், கிண்ணத்தையும் மெயின் ஜெட்டையும் துடைத்திருப்பார்கள், இந்தத் துண்டைத் தொட்டிருக்கவே மாட்டார்கள்.

அதன் நுனியை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். துளை வழியே வட்டமாக வெளிச்சம் தெரிய வேண்டும். தெரியவில்லையா, நல்லது, நோய் கிடைத்துவிட்டது. ஓ-ரிங்கைக் கழற்றி வைத்துவிட்டு, கார்புரேட்டர் கிளீனர் ஸ்பிரே அடித்துக் கொஞ்ச நேரம் ஊறவிடுங்கள். பிறகும் அடைப்பு விடவில்லை என்றால், பல இழை எலக்ட்ரிக் வயரிலிருந்து ஒரே ஒரு செம்பு இழையை உருவி மெதுவாக நுழையுங்கள். செம்பு மெத்தென்று இருப்பதால் பித்தளையைக் கீறாது. ஊக்கு, தையல் ஊசி, ஸ்டீல் கம்பி வேண்டவே வேண்டாம். துளை ஒரு மயிரிழை பெரிதானாலும் அப்புறம் எந்த செட்டிங்கிலும் நிற்காது, அந்த ஜெட்டையே தூக்கிப் போட வேண்டியதுதான்.

ஜெட் மட்டும் சுத்தமானால் போதாது, அது உட்கார்ந்திருந்த குழிக்குள்ளும் பாதை இருக்கிறது. அந்தக் குழியில் ஸ்பிரேயின் மெல்லிய குழாயை வைத்து அடித்தால், தொண்டைக்குள் வட்டத் தகட்டின் விளிம்பை ஒட்டியிருக்கும் பொடித் துளைகள் வழியே பீய்ச்ச வேண்டும். கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யுங்கள், எந்தத் துளையிலிருந்து முகத்தில் அடிக்கும் என்று சொல்ல முடியாது. ஸ்பிரே மட்டும் பற்றாது. பக்கத்துப் பஞ்சர் கடைக்கு எடுத்துப் போய், மிதவையும் நீடிலும் ரப்பரும் இல்லாத வெறும் கார்புரேட்டர் பாடிக்கு ஒவ்வொரு துளையிலும் கம்ப்ரஸர் காற்று அடித்து வாருங்கள்.

ஐடிலிங்கில் பெட்ரோல்-காற்றுக் கலவையை வைக்கும் ஏர் ஸ்க்ரூவைப் பற்றிப் பலரும் பலதும் சொல்வார்கள். ஐடில் ஸ்க்ரூ வேறு, இது வேறு. உங்கள் மாடலில் அதன் தலைக்குப் பிளாஸ்டிக் தொப்பி போட்டுப் பூட்டியிருந்தால் அதை உடைக்காதீர்கள், கம்பெனி வைத்த அளவு அது. தொப்பி இல்லையென்றால், முழுதாக உட்காரும் வரை எத்தனை சுற்று என்று எண்ணிக்கொண்டு மெல்ல உள்ளே திருகி, அந்தக் கணக்கை எழுதிவைத்துவிட்டுக் கழற்றுங்கள். பூட்டும்போது அதே கணக்கில் நிறுத்துங்கள். மெஷின் திணறியதும் எல்லோரும் முதலில் திருகுவது இதைத்தான். அடைத்த ஜெட்டுக்கு இதைத் திருகி ஒரு பயனும் இல்லை, இருந்த செட்டிங்கும் கலைந்துவிடும்.

பூட்டுவது கழற்றியதற்குத் தலைகீழ். மெயின் ஜெட்டை இறுக்கிப் பிழியாதீர்கள், பித்தளை மரை போய்விடும். கிழிந்த பேக்கிங்கைத் திரும்பப் போடாதீர்கள். மிதவை தடங்கலில்லாமல் ஏறி இறங்குகிறதா என்று விரலால் தட்டிப் பாருங்கள். மாட்டி முடித்ததும் ஸ்டார்ட் செய்யாமல் காக்கைத் திறந்து கொஞ்ச நேரம் பொறுங்கள். எங்காவது ஒழுகினால் நீடில் சரியாக உட்காரவில்லை, அல்லது ரப்பர் வளையம் பிதுங்கியிருக்கிறது. ஒழுகும் எஞ்சினை ஸ்டார்ட் செய்யவே கூடாது.

ஒழுகவில்லை என்றால் கியரை நியூட்ரலில் வைத்து ஸ்டார்ட் செய்து சூடாக விடுங்கள். சோக்கை முழுதாகத் திறந்த பிறகுதான் ஐடில் ஸ்க்ரூவைத் தொட வேண்டும். ஜிஎக்ஸ்160க்குச் சொல்லப்படும் ஐடிலிங் நிமிடத்துக்குச் சுமார் 1400 சுற்று. மீட்டர் இல்லாதவர்கள் காதால் வைக்கலாம், எஞ்சின் தாளம் தப்பாமல் ஓட வேண்டும், சட்டென்று ரேஸ் கொடுத்தால் திக்காமல் எழும்ப வேண்டும். இவ்வளவும் செய்து, பேக்கிங்கும் புதிதாகப் போட்டு, அப்போதும் ஐடிலிங் நிற்கவில்லை என்றால் கார்புரேட்டரை விட்டுவிட்டு வால்வு இடைவெளியைப் பார்க்கச் சொல்லுங்கள். ஆறிய எஞ்சினில் உள்வால்வு 0.15 மி.மீ., வெளிவால்வு 0.20 மி.மீ.

அடுத்த பருவத்தில் இதே வேலை திரும்ப வராமல் இருக்க, கடைசி நாள் உழுது முடித்ததும் காக்கை மூடிவிட்டு எஞ்சின் தானாக நிற்கும் வரை ஓடவிடுங்கள். பிறகு கிண்ணத்தின் சாய்வான போல்ட்டைத் தளர்த்தி மிச்சத்தையும் வடித்துவிடுங்கள். டேங்கையும் காலியாக்கிவிட்டால் இன்னும் நல்லது. பல மாதம் நிறுத்தப்போகும் மெஷினுக்கு இதைவிடச் சிறந்த பராமரிப்பு எனக்குத் தெரியாது.

புது கார்புரேட்டர் வேண்டியது எப்போது என்றால், பாடிக்குள் வெள்ளைப் பொடி அரித்துக் குழி விழுந்திருந்தால், தகட்டின் தண்டு ஆட்டம் கண்டிருந்தால், அல்லது ஜெட் துளையை யாரோ ஏற்கெனவே கம்பி விட்டுக் குடைந்திருந்தால். உங்களுடையதைப் பிரித்துப் பார்த்து இதில் ஏதாவது இருந்தால் தயங்காமல் மாற்றுங்கள். கடைக்குப் போகும்போது பழைய கார்புரேட்டரைக் கையோடு கொண்டுபோய், போல்ட் துளைகளின் இடைவெளியையும் சோக் லீவர் பக்கத்தையும் வைத்துப் பார்த்து வாங்குங்கள். இன்சுலேட்டரின் இரண்டு பக்கப் பேக்கிங்கையும் சேர்த்துக் கேளுங்கள்.