மோசமான ஆட்சி நடக்கும் நாட்டைவிட்டுப் பெரிய கம்பெனிகள் வெளியேறுவதுதானே நியாயம்?

கேள்வி கேட்டவர் சென்னையிலோ பெங்களூரிலோ நல்ல வேலையில் இருப்பவர் என்று நினைக்கிறேன். "மனித உரிமையை மதிக்காத அரசு உள்ள நாட்டில் டெக் கம்பெனிகளும் பெருநிறுவனங்களும் ஒரு நாள்கூடத் தொழில் செய்யக் கூடாது, மியான்மரைவிட்டு நார்வே செல்போன் கம்பெனி டெலினார் கிளம்பியதுபோலக் கிளம்பிவிட வேண்டும்" என்று கேள்வியின் கீழே எழுதியிருக்கிறார். அந்த உதாரணம் இல்லாவிட்டால் பேசாமல் போயிருப்பேன். நான் அந்த மியான்மரில்தான் இருக்கிறேன். எங்கள் வீட்டுப் பேச்சில் இன்னும் அது பர்மா, யாங்கோன் இன்னும் ரங்கூன். இங்கே செல்போன் கடை வைத்திருக்கிறேன். சிம் கார்டு, பில் கார்டு (ரீசார்ஜ் கார்டு), கவர், சார்ஜர், கொஞ்சம் ரிப்பேர். அதனால் இந்த விஷயத்தில் எனக்குச் சொல்ல இருக்கிறது.

என் பதில் இதுதான்: கம்பெனி போவதா இருப்பதா என்பது எங்களுக்கு இரண்டாவது கேள்வி. எங்களை யார் கையில் கொடுத்துவிட்டுப் போகிறது என்பதுதான் முதல் கேள்வி. அதை வெளியூரில் இருப்பவர்கள் கேட்பதே இல்லை.

முதலில் இங்கே போன் எப்படி வந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஒரு காலத்தில் இந்த நாட்டில் ஒரு சிம் கார்டு லட்சக்கணக்கான கியாட் (இந்த ஊர்ப் பணம்). வீடு கட்டப் பணம் சேர்ப்பதுபோலச் சேர்த்துத்தான் வாங்க வேண்டும். 2013இல் அரசாங்கத் தொலைபேசி நிறுவனம் 1,500 கியாட்டுக்கு சிம் கொடுப்பதாக அறிவித்தது, அதையும் குலுக்கல் போட்டுத்தான் கொடுத்தார்கள். அதே வருஷம் நார்வேயின் டெலினாருக்கும் கத்தாரின் ஊரிடூவுக்கும் உரிமம் கிடைத்தது. 2014இல் இரண்டும் கடை விரித்தன. 1,500 கியாட் கொடுத்தால் யாருக்கும் சிம். கீரை விற்கிற அம்மா, சைக்கா (சைக்கிள் ரிக்‌ஷா) ஓட்டுகிறவர், கோயில் பண்டாரம், எல்லார் கையிலும் ஓரிரு வருஷத்தில் போன். எங்களைப் போன்ற சின்னக் கடைகள் முளைத்ததும் அப்போதுதான். அந்தக் கம்பெனிகள் வந்ததால் எனக்குச் சோறு கிடைத்தது. அதை மறைக்க எனக்கு அவசியமில்லை, நன்றியோடுதான் சொல்கிறேன்.

சிம்மைப் பதிவு செய்தே தீர வேண்டும் என்று கண்டிப்பு வந்தபோது அந்த வேலையும் கடைக்காரன் தலையில்தான் விழுந்தது. வாடிக்கையாளரின் அடையாள அட்டையைக் கண்ணாடி மேஜைமேல் வைத்துப் படம் பிடிக்க வேண்டும். இந்த ஊர் அடையாள அட்டை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்காது. பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி, இனம், மதம், ரத்த வகை, முகத்தில் மச்சமோ தழும்போ இருந்தால் அதுவரை இருக்கும். 1982 குடியுரிமைச் சட்டம் மூன்று தரமாகக் குடிமக்களைப் பிரித்தது, அட்டையின் நிறமும் தரத்துக்குத் தகுந்தபடி: இளஞ்சிவப்பு, நீலம், பச்சை. நம் ஆட்களில் பலருக்கு இளஞ்சிவப்பு கிடைப்பதற்குள் பாதி ஆயுள் போய்விடும். அப்படிப்பட்ட அட்டையைக் கடைக்காரனிடம் நீட்டுகிறார்கள் என்றால் எவ்வளவு நம்பிக்கை வேண்டும்? வெளிநாட்டுக் கம்பெனி, ஐரோப்பாக்காரன், ஒழுங்காக வைத்திருப்பான் என்ற நம்பிக்கைதான். நானும் அதைச் சொல்லித்தான் வாங்கினேன்.

2021 பிப்ரவரி 1ஆம் தேதி காலையில் போன் இல்லை, நெட் இல்லை. ராணுவம் ஆட்சியைப் பிடித்துவிட்டது என்று தெரிந்துகொள்ளவே அரை நாள் ஆனது. அந்த வாரமே பேஸ்புக்கை முடக்கினார்கள். பிறகு இரவில் நெட்டை நிறுத்தினார்கள், மார்ச் நடுவில் மொபைல் டேட்டாவையே நிறுத்தினார்கள். தங்களுக்கு வரும் உத்தரவுகளை டெலினார் தன் தளத்தில் வெளியிட்டு வந்தது. பிப்ரவரி நடுவில் இனி அதற்கு வழியில்லை என்று நிறுத்திக்கொண்டது. ஜூலையில், லெபனானைச் சேர்ந்த எம்1 குழுமத்துக்கு 10.5 கோடி டாலருக்கு விற்கிறோம் என்று அறிவித்தார்கள். உரிமத்துக்கு மட்டுமே 50 கோடி டாலர் கட்டியவர்கள் அவர்கள். ஆகவே அவர்களுக்கும் பெரிய நஷ்டம், ஒப்புக்கொள்கிறேன். ஒட்டுக்கேட்கும் கருவியை இயக்கச் சொல்லி வற்புறுத்துகிறார்கள், அதை இயக்கினால் ஐரோப்பியத் தடைகளை மீறியதாகும் என்று காரணமும் சொன்னார்கள். அந்தக் காரணம் பொய் என்று நான் சொல்லவே இல்லை.

ஆனால் நடந்ததைப் பாருங்கள். 2022 மார்ச்சில் விற்பனை முடிந்தபோது லெபனான் கம்பெனியோடு உள்ளூர்க் கூட்டாளியாக வந்து பெரும்பங்கை எடுத்துக்கொண்டது ஷ்வே பியைன் பியூ. பெட்ரோல், ரத்தினக் கல் என்று தொழில் செய்கிற குழுமம், ராணுவத் தொடர்பு உள்ளது என்று ஊரறிந்த பெயர். 2024 ஜனவரியில் அமெரிக்கா அதன்மேல் தடை போட்டது. கருவியை நான் இயக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு, இயக்கத் தயங்காதவன் கையில் சுமார் 1 கோடி 80 லட்சம் பேரின் எண்களும் விவரங்களும் போகும்படி விட்டுவிட்டார்கள். இதை நான் மட்டும் சொல்லவில்லை. 474 சமூக அமைப்புகள் சேர்ந்து 2021இலேயே நார்வேயில் புகார் கொடுத்தன. டெலினாரில் பாதிக்குமேல் பங்கு நார்வே அரசாங்கத்துடையது, அதனால் அந்த நாட்டுக்கும் இதில் பொறுப்பு உண்டு.

இனி என் கதை. என் கடையில் எல்லாக் கம்பெனி சிம்மும் விற்றேன், ஆகவே இது எந்தக் கம்பெனி என்று தேட வேண்டாம். கம்பெனிகள் கைமாறும் பேச்சு ஊரில் அடிபட்ட சமயம், எங்கள் பக்கத்துத் தமிழ் அம்மா ஒருத்தர் வந்தார். வயதானவர், நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். கடையில் வேறு ஆள் இருந்ததால் அவர் போகும்வரை கவர்களைப் புரட்டிக்கொண்டே நின்றார். அப்புறம் மேஜைமேல் சாய்ந்து மெதுவாகக் கேட்டார்: "தம்பி, இந்த நம்பர் என் மகன் கார்டுல எடுத்தது. நீதான் போட்டோ புடிச்ச. இனிமே அவன் யார் யார்கிட்ட பேசுனான்னு அவங்களுக்குத் தெரிஞ்சிடுமா?" மகன் அப்போது ஊரில் இல்லை. எங்கே என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

எனக்குப் பதில் தெரியவில்லை. "விசாரிச்சுச் சொல்றேன் அத்தை" என்றேன். கம்பெனி ஏஜெண்டுக்குப் போன் போட்டேன். பழைய அழைப்பு விவரங்களை அழிப்பார்களா, புது ஆளுக்குக் கொடுப்பார்களா, வாடிக்கையாளர் தன் பெயரை நீக்கச் சொல்லிக் கேட்க முடியுமா என்று கேட்டேன். "சேவை எப்போதும்போலத் தொடரும், விற்பனைக் கமிஷனிலும் மாற்றம் இல்லை" என்று பதில் வந்தது. நான் கேட்டது கமிஷனைப் பற்றியா? மறுபடி கேட்டேன், அதே வாக்கியம். பிறகு கடைகளுக்கு ஒரு செய்தி அனுப்பினார்கள், அதிலும் அதே வாக்கியம்தான், கூடவே புதுப் பெயர்ப் பலகை எப்போது வரும் என்ற விவரம். அந்த அம்மாவிடம் நான் என்ன சொல்ல? "சிம்மை மாத்திடுங்க அத்தை" என்றேன். புது சிம்முக்கும் யாராவது ஒருவரின் அட்டை வேண்டும். மருமகள் அட்டையைக் கொண்டுவந்தார்.

ரோட்டில் நிறுத்திப் போனை வாங்கிப் பார்க்கிற ஊர் இது. 2024 மே கடைசியிலிருந்து விபிஎன்களையும் (முடக்கிய தளங்களைச் சுற்றுவழியில் திறக்க உதவும் செயலிகள்) முடக்கிவிட்டார்கள், போனில் அது இருந்தாலே வம்பு. இப்படிப்பட்ட இடத்தில் ஒருவன் யாரோடு எவ்வளவு நேரம் பேசினான் என்ற பட்டியல் வெறும் பில்லிங் விவரம் இல்லை.

டெலினார் ஒன்றுதானா என்றால் இல்லை. பிரான்ஸின் டோட்டல் 2022 ஜனவரியில் யடானா எரிவாயு வயலைவிட்டுப் போவதாக அறிவித்தது, உலகமே கைதட்டியது. அதன் பங்கு மிச்சமிருந்த கூட்டாளிகளுக்குப் பிரிந்து போனது, எரிவாயு ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஜப்பானின் கிரின் இங்கே ராணுவக் கம்பெனியோடு சேர்ந்து பீர் காய்ச்சியது. 2023இல் தன் 51 சதவீதப் பங்கை அந்த மதுவாலைக்கே திருப்பி விற்றுவிட்டுக் கிளம்பியது. கடைசியில் முழு ஆலையும் யாரிடம் இருக்கிறது? பழைய கூட்டாளியிடம். ஊரிடூவும் 57.6 கோடி டாலருக்கு விற்பதாக 2022இல் அறிவித்து 2024இல் முடித்துக்கொண்டது.

பேஸ்புக்கையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது வரவும் இல்லை, போகவும் இல்லை. இங்கே ஆபீஸ் கிடையாது. நாடு முழுக்க இன்டர்நெட் என்றால் பேஸ்புக் என்று இருந்த காலத்தில், 2015 தொடக்கத்தில், பர்மியப் பதிவுகளைச் சரிபார்க்க அவர்களிடம் பர்மியம் தெரிந்தவர் இரண்டே பேர். 2014 ஜூலையில் மாண்டலேயில் ஒரு டீக்கடைக்காரரைப் பற்றிய புரளி பேஸ்புக்கில் பரவிக் கலவரமாகி உயிர் போனது. 2017இல் ரக்கைன் மாநிலத்தில் ராணுவம் ரோஹிங்கியா முஸ்லிம்களைக் கொன்று விரட்டியது உங்களுக்குத் தெரியும். வெறுப்பு பரவியதில் பேஸ்புக்குக்கும் பங்கு உண்டு என்று ஐ.நா. ஆட்கள் சொன்ன பிறகு, 2018இல்தான் அதைத் தடுக்கப் போதிய அளவு செய்யவில்லை என்று கம்பெனி ஒப்புக்கொண்டது. நிறத்தையும் முகத்தையும் பார்த்து எங்களையும் அதே கணக்கில் சேர்ப்பவர்கள் உண்டு. அந்த வருஷங்களில் கோயில் திருவிழாப் படத்தைப் போடக்கூட எங்கள் வீட்டில் யோசித்தோம். எங்கோ உட்கார்ந்திருந்த ஒரு கம்பெனி, ஆளே வைக்காமல், இங்கே வியாபாரம் செய்ததன் விலை அது.

இதைப் படித்துவிட்டு "அப்படியானால் கம்பெனிகள் ராணுவத்தோடு சேர்ந்து தொழில் செய்யலாம் என்கிறாயா" என்று யாராவது கேட்பார்கள். அப்படிச் சொல்லவில்லை. டோட்டலைப் போகச் சொல்லிப் போராடியவர்கள் இந்த நாட்டுக்காரர்கள்தான், அவர்களை நான் மதிக்கிறேன். "ஊழியர்களின் உயிருக்கு ஆபத்து வந்தால் கம்பெனி என்ன செய்யும்" என்றும் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் டெலினார் விற்பனையை அறிவித்த நாளுக்கும் அது முடிந்த நாளுக்கும் நடுவில் எட்டு மாதம் இருந்தது. அந்த எட்டு மாதத்தில் என்ன விவரம் கைமாறுகிறது என்று எல்லா எண்ணுக்கும் பர்மியத்தில் ஒரு மெசேஜ் அனுப்பலாம். எவ்வளவு பழைய விவரம் வைத்திருக்கிறோம் என்று சொல்லலாம். எண்ணை விட்டுவிட விரும்புகிறவர்களுக்கு அவகாசம் கொடுக்கலாம். நான் பொருளாதாரம் படித்தவன் இல்லை, கடைக்காரன். கடையை விற்கும்போதுகூட ரிப்பேருக்கு வந்த போன்களை உரியவரைக் கூப்பிட்டுக் கொடுத்துவிட்டுத்தான் சாவியைக் கொடுப்போம்.

போகிறவர்கள் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது எங்கள் ஆட்களுக்குப் பழக்கமானது, அதனால்தான் இந்தக் கேள்வி எனக்கு இவ்வளவு சுடுகிறது. 1942இல் ஜப்பான்காரன் குண்டு போட்டபோது பெரிய கம்பெனி துரைமார்கள் கப்பலிலும் விமானத்திலும் போனார்கள், நம் கூலிச்சனம் மலை ஏறி நடந்தே போனது, வழியிலேயே பல்லாயிரம் பேர் செத்தார்கள். 1964இல் நே வின்னின் ராணுவ ஆட்சி கடைகளை நாட்டுடைமையாக்கி, 50, 100 கியாட் நோட்டுகளைச் செல்லாது என்றபோது லட்சக்கணக்கானவர்கள் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார்கள். போக வழி இல்லாதவர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள்.

கேள்விக்குச் சம்பந்தம் இல்லாவிட்டாலும் இதையும் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டுக்காரரிடம் பர்மாவிலிருந்து பேசுகிறேன் என்றால், "அங்கே இன்னும் தமிழர்கள் இருக்கிறீர்களா?" என்று கேட்கிறார்கள். அடுத்து அத்தோ, மொய்ங்கா, பர்மா பஜார். திரும்பி வந்தவர்களின் சாப்பாடு தெரிகிறது, இங்கேயே தங்கியவர்கள் தெரியவில்லை. கோயில் மண்டபத்தில் சாயந்தரம் பாய் விரித்து அ, ஆ சொல்லிக் கொடுக்கிறோம், பாடப் புத்தகம் கிடைப்பது குதிரைக் கொம்பு, பழைய புத்தகத்தை நகல் எடுத்து ஓட்டுகிறோம். உலகத் தமிழர் என்று பேசுகிற மேடைகளில் எங்கள் பெயர் வருவது அபூர்வம். இதைக் கோபமாகத்தான் எழுதுகிறேன்.

சரி, கேள்வி கேட்ட நண்பருக்கு. உங்கள் கம்பெனியோ நீங்கள் பங்கு வைத்திருக்கும் கம்பெனியோ எங்கிருந்தாவது வெளியேறுகிறது என்றால், வாங்குவது யார், வாடிக்கையாளர்களின் விவரம் என்ன ஆகிறது என்ற இரண்டையும் எழுத்தில் கேளுங்கள். அங்கே இருந்து கேட்டால் பதில் சொல்வார்கள். இங்கே இருந்து நாங்கள் கேட்டதற்கு என்ன வந்தது என்று மேலே எழுதியிருக்கிறேன்.

வேறு ஏதாவது கேட்க வேண்டுமென்றால் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். கடை எந்தத் தெரு என்று மட்டும் கேட்க வேண்டாம்.